பச்சைப் பைஜாமா எம்டன்

கவர்னர் என்றால் நம் மனக்கண்ணில் வருவது கிண்டி மாளிகைதான். மான் மேயும் தோட்டம், வருஷத்துக்கு ஒருமுறை வேறு யாரோ எழுதிக் கொடுத்த உரை, பட்டமளிப்பு விழாவில் கால் கடுக்க நின்று கொடுக்கும் காகிதச் சுருள்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மாநிலத்துக்கு முதலமைச்சர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் கவர்னரேதான் சகலமும். போலீஸ், பள்ளிக்கூடம், ரோடு, சிறைச்சாலை என்று எல்லாச் சாவியும் ஒரே கொத்தில், ஒரே இடுப்பில் தொங்கும். நல்ல ஏற்பாடுதான், ஓர் எம்டன் வந்து அந்த நாற்காலியில் உட்காராதவரை.

எம்டன் என்பது 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் நழுவிய ஜெர்மன் போர்க்கப்பல். கப்பல் அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே ஒழிந்தது. பெயர் மட்டும் நம்மூரில் தங்கிவிட்டது. ஊரை ஏய்ப்பவன், யாருக்கும் அடங்காதவன், பிடிக்கப் போனால் வழுக்குபவன் எல்லாரும் ‘சரியான எம்டன்’. ஜெர்மன்காரர்கள் பின்னால் அதே பெயரில் இன்னொரு கப்பல் கட்டினார்கள். அது 1930 மார்ச்சில் நல்லெண்ணப் பயணமாக நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. கப்பல் தலைவரும் ஜெர்மன் துணைத் தூதரும் பதக்கமும் பட்டையுமாக மாநில கவர்னரைப் பார்க்க ஹோட்டலுக்குப் போனார்கள். கதவு திறந்தது. பச்சைப் பட்டுப் பைஜாமாவில் நின்றுகொண்டிருந்தார் லூசியானா கவர்னர் ஹ்யூயி லாங்.

ஜெர்மனியின் கௌரவம் போயிற்று என்று துணைத் தூதர் கொதித்தார். கவர்னர் அசரவில்லை. நாலு பேரிடம் கடன் வாங்கிய கோட்டு, சூட்டோடு மறுநாள் கப்பலுக்கே போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். அந்த ஒரு பைஜாமாவால் அதுவரை லூசியானாவுக்கு வெளியே அதிகம் தெரியாத பெயர் அமெரிக்கா முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. ஆள் அதைக் கவனித்துக்கொண்டார். பிறகு முக்கியஸ்தர்களைப் பைஜாமாவில் பார்ப்பதே அவருக்கு வழக்கமாகிவிட்டது.

பிறந்தது 1893இல், வடக்கு லூசியானாவின் வின் பாரிஷில். அங்கே மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். செம்மண்ணும் பைன் மரமும் வறுமையும் விளையும் இடம். 1861இல் தென்மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரியக் குதித்தபோது, பணக்காரனின் அடிமைகளைக் காப்பாற்ற நாங்கள் எதற்குச் சாக வேண்டும் என்று முறைத்த ஊர். லாங் குடும்பம் அந்த ஊர்க் கணக்கில் ஓரளவு வசதியானது. ஆனால் மேடையேறினால் ஹ்யூயி மரக்குடிசையில் பிறந்துவிடுவார். கூடப்பிறந்தவர்கள் இதைக் கேட்டுப் பல்லைக் கடித்தார்கள். தேர்தல் முடியும்வரை குடிசை அசையவில்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரோடு தகராறு, படிப்பு பாதியில் நின்றது. அடுத்து ஊர் ஊராகப் பை தூக்கும் வியாபாரி. விற்றது காட்டோலின் என்னும், பருத்திக்கொட்டை எண்ணெய் சேர்த்த சமையல் கொழுப்பு. அந்த ஊர்ப் பெண்களுக்குப் பன்றிக் கொழுப்பில் சமைத்துத்தான் பழக்கம். நம்ம ஆள் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, பன்றி ஆகாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் பாருங்கள் என்று ஆரம்பிப்பார். எண்ணெய் விற்க வேதத்தைச் சாட்சிக்கு அழைத்தவர் நாளைக்கு ஓட்டுக்கு யாரையெல்லாம் அழைப்பார் என்று அப்போதே யாராவது யோசித்திருக்கலாம். காட்டோலின் விளம்பரத்துக்காக நடத்திய கேக் போட்டியில் ரோஸ் மெக்கானல் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1913இல் கல்யாணம்.

பிறகு சட்டம். சட்டக் கல்லூரியில் ஒரு வருஷம்கூட முழுசாக உட்காரவில்லை. எனக்குத் தனியாகப் பரீட்சை வையுங்கள் என்று கேட்டு, 1915இல், 21 வயதில், வக்கீலாகிவிட்டார். 1918இல் ரயில்வே கமிஷனர் பதவிக்கு நின்றார். வயது 25. அந்த வயதில் நிற்கலாமா என்று மற்றவர்கள் புருவம் உயர்த்தினார்கள். சட்டத்தில் வயதே குறிப்பிடவில்லை என்று இவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவன் வக்கீல், என்ன எழுதவில்லை என்று படிப்பவன் எம்டன். கமிஷனில் உட்கார்ந்து டெலிபோன் கம்பெனியின் கட்டண உயர்வை வழக்குப் போட்டு முறித்தார். கம்பெனி வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கம்பெனிக்காரன் பணம் திருப்பிக் கொடுத்து அதுவரை பார்த்திராத ஜனம், இந்தப் பையன் பெயரை மனப்பாடம் செய்துகொண்டது.

1924இல் கவர்னர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். காரணம் கேட்டால் மழை என்பார். தேர்தல் நாளன்று பெய்த மழையில் கிராமத்து விவசாயிகள் சேற்றைத் தாண்டி ஓட்டுச் சாவடிக்கு வர முடியவில்லையாம். தோற்றவர்கள் எல்லாரும் சொல்லும் சாக்குதான். ஆனால் மாநிலம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 300 மைல்தான் தார், சிமென்ட் ரோடு இருந்த ஊரில் அந்தச் சாக்கில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

1928க்குள் கணக்கைச் சரிசெய்துகொண்டார். லூசியானாவின் வடக்கில் பாப்டிஸ்டுகள், தெற்கில் கத்தோலிக்கர்கள். தெற்கே பேசப் போனபோது, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுந்து வண்டி பூட்டிக் கத்தோலிக்கத் தாத்தா பாட்டியைப் பூசைக்குக் கூட்டிப் போவேன், திரும்பி வந்து பாப்டிஸ்ட் தாத்தா பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப் போவேன் என்று உருகினாராம். கூட வந்தவர் ஆச்சரியப்பட்டு, உங்களுக்குக் கத்தோலிக்கத் தாத்தா உண்டா என்று கேட்க, எங்களிடம் குதிரையே கிடையாது என்றாராம். லூசியானாவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்தத் தேர்தலில் ‘ஒவ்வொரு மனிதனும் ராஜா’ என்பது முழக்கம். 1928 மே மாதம், 34 வயதில், ஒரு ராஜா மட்டும் பதவியேற்றார்.

சொன்னதைச் செய்தார். எதிரிகளால் மன்னிக்கவே முடியாத விஷயம் அதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இலவசம். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் கொடுத்தால் அரசு மதத்துக்கு உதவுவதாகுமே என்று வழக்குப் போட்டார்கள். புத்தகம் பள்ளிக்கில்லை, பிள்ளைக்கு என்றது அரசு. 1930இல் உச்ச நீதிமன்றமும் அதையே ஒப்புக்கொண்டது. ஷ்ரீவ்போர்ட் நகரத்துக் கனவான்கள், நாங்கள் தர்மம் வாங்குகிற ஜாதியில்லை என்று புத்தகத்தைத் திருப்பினார்கள். அதே நகரம் பக்கத்தில் ராணுவ விமானதளம் வர வேண்டும் என்று தவம் கிடந்தது, அதற்குக் கவர்னர் தயவு வேண்டியிருந்தது. புத்தகம் வாங்காத ஊருக்கு விமானம் எதற்கு என்று கோப்பின்மேல் உட்கார்ந்துகொண்டார். கனவான்கள் புத்தகத்தை வாங்கினார்கள்.

ரோடு போட்டதிலும் அதே மூளை. ஒரு பாரிஷில் முழு ரோடும் போடமாட்டார். சில மைல் வழுவழுவென்று போட்டுவிட்டு நிறுத்திவிடுவார். அதில் வண்டி ஓட்டிச் சுகம் கண்டவன் அடுத்த மைலில் சேற்றில் இறங்குவான். மீதி எப்போ என்று அவனே சட்டமன்ற உறுப்பினரின் சட்டையைப் பிடிப்பான். கல்யாணப் பந்தியில் முதல் கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டு வாளியோடு உள்ளே போகிற ஆளைத் தெரியுமல்லவா, அந்தக் கலை.

சரி, வாளிக்குக் காசு? பத்திரம் விற்றுக் கடன், எண்ணெய்க் கம்பெனிகள்மேல் வரி. கட்சிக்குக் காசு? அரசு ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கு கட்சிக்குப் பிடித்தம், ரொக்கமாக. அது போய்ச் சேரும் இடத்துக்குப் ‘பிடித்தப் பெட்டி’ என்றே பெயர், ஒளிவு மறைவு இல்லை. வேலை கொடுக்கும்போதே தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. எதிர்த்து ஓட்டுப் போட்ட உறுப்பினரின் மைத்துனன், மருமகன், சித்தப்பா என்று அரசு வேலையில் இருக்கும் உறவுக்காரர்களைத் தேடி வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு தனி ஞாபகசக்தி வைத்திருந்தார். கவர்னர் மாளிகை பிடிக்கவில்லை என்று தோன்றியதும், சிறையிலிருந்து கைதிகளை வரவழைத்து இடித்துத் தள்ளினார். சாவிக்கொத்தின் சௌகரியம்.

1929இல் எண்ணெய் சுத்திகரிப்புக்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி என்று கிளம்பினார். எதிரே ஸ்டாண்டர்டு ஆயில். கவர்னரையே பதவிநீக்கம் செய்துவிடலாம் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. மார்ச் 25, திங்கட்கிழமை. லாங்கின் ஆளான சபாநாயகர் சபையை ஒத்திவைக்க வாக்கெடுப்பு விட்டார். மின்சார வாக்குப் பலகையில் எதிர்த்து அழுத்தியவர்களுக்கும் ஆதரவு விளக்கு எரிந்தது. இயந்திரக் கோளாறு என்றார்கள் இவர்கள். திருட்டு என்றார்கள் அவர்கள். மேஜைமேல் ஏறி ஓடினார்கள், குத்திக்கொண்டார்கள், ஒருவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. ‘ரத்தத் திங்கள்’ என்று சரித்திரத்தில் பெயர். நமக்குப் பழக்கப்பட்ட காட்சிதான், அவர்கள் வேட்டி கட்டியிருக்கவில்லை, அவ்வளவே.

கீழ்ச்சபையில் 19 குற்றச்சாட்டுகள் வந்தன. லஞ்சத்திலிருந்து, கைத்துப்பாக்கியோடு திரிவது, நடன விருந்துக்குப் போனதுவரை பட்டியல். அவற்றில் 8 தேறி, விசாரணைக்கு மேல்சபை போயின. அங்கே 39 பேர். தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எம்டன் சட்டப் புத்தகத்தை எடுக்கவில்லை, விரல்விட்டு எண்ணினார். 15 பேரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். சாட்சியம் என்னவாக இருந்தாலும் சரி, தண்டனைக்கு ஓட்டுப் போடமாட்டோம் என்று எழுதியிருந்தது. விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு சட்டைப்பையில். கையெழுத்துப் போட்டவர்கள் பின்னால் பதவியும் காரியமுமாகச் சௌக்கியமாக இருந்தார்கள்.

இதற்கப்புறம்தான் ஆள் முழு எம்டன் ஆனார். முன்பெல்லாம் தயவுசெய்து என்று கேட்டுக் காரியம் முடித்தேன், இனி வெடி வைத்து நகர்த்துவேன் என்று அவரே சொன்னார். எதிரிகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் நம் திண்ணைக் கிழவிகளை மிஞ்சினார். ஆட்டுத்தாடி வைத்த செனட்டர் ரான்ஸ்டெல் ‘கிழ இறகுத் துடைப்பம்’. நியூ ஆர்லியன்ஸ் மேயர் ‘வான்கோழித் தலை’. தனக்கு மட்டும் ரேடியோ நாடகம் ஒன்றிலிருந்து ‘கிங்ஃபிஷ்’ என்று செல்லப்பெயர் எடுத்துக்கொண்டார்.

1930இல் அந்த இறகுத் துடைப்பத்தைத் தோற்கடித்து வாஷிங்டன் செனட்டுக்கு ஜெயித்தார். ஆனால் போகவில்லை. போனால் துணை கவர்னர் பால் சிர் நாற்காலியில் உட்காருவார், அவரோ ஜென்ம விரோதி. அதனால் செனட் இடத்தைக் கிட்டத்தட்ட 11 மாதம் காலியாகவே போட்டுவைத்தார். பொறுத்துப் பார்த்த சிர், 1931 அக்டோபரில் தானே போய்க் கவர்னராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சிர் தொழிலால் பல் மருத்துவர். எம்டனின் பல்லைப் பிடுங்கக் கிளம்பியவர் தன் நாற்காலியை இழந்தார். ஹ்யூயி தலைமைச் செயலகத்தைச் சுற்றி ராணுவக் காவல் போட்டார். பிறகு சட்ட விளக்கம் சொன்னார்: கவர்னராகப் பிரமாணம் எடுத்தவர் துணை கவர்னர் பதவியை விட்டுவிட்டார், கவர்னர் பதவியோ காலியாக இல்லை, ஆகவே இவர் இப்போது எதுவுமே இல்லை. அது செல்லுபடியானது! வேடிக்கைக்காக ஊரில் இன்னும் சிலரும் கவர்னராகப் பிரமாணம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கு நடுவே 1931இல் தேசத்தை உலுக்கிய ஒரு தத்துவப் பிரச்சினையும் வந்தது. கீரையைப் பன்றிக்கறியோடு வேகவைத்து எடுத்தபின் பானையில் மிஞ்சும் சாறு இருக்கிறதே, அது தென்மாநில ஏழைகளின் ரசம். தொட்டுக்கொள்ளச் சோள ரொட்டி. ரொட்டியைச் சாற்றில் தோய்த்துக் கடிப்பதே முறை என்றார் கவர்னர். நொறுக்கிப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றது அட்லாண்டா பத்திரிகை ஒன்று. வாரக்கணக்கில் தந்திகள் பறந்தன. நியூயார்க் கவர்னர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்கூட இதில் கலந்துகொண்டார். ஊரெங்கும் வங்கிகள் திவாலாகிக்கொண்டிருந்த காலம். அப்பளத்தை ரசத்தில் நொறுக்குவதா கடித்துக்கொள்வதா என்ற சண்டையில் யாருக்கும் பசி தெரியவில்லை.

அதே வருஷம் பருத்தி விலை படுத்தது. அடுத்த வருஷம் யாருமே பருத்தி பயிரிடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். ராத்திரியில் நிறைவேறிய சட்டம் கையெழுத்துக்குப் படுக்கையறைக்கே வந்தது. பருத்தி விவசாயிக்கு மரியாதையாக அன்றைக்குப் பருத்தி அங்கி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். போட்டோ, கையெழுத்து எல்லாம் முடிந்தது. அங்கியைக் கழற்றிவிட்டுப் பட்டுப் பைஜாமாவுக்கு மாறினார். டெக்சாஸ் ஒத்துவராததால் சட்டமும் அங்கியைப் போலவே கழன்றது.

1932 ஜனவரியில்தான் செனட்டுக்குப் போனார். போகுமுன் தன் பால்ய நண்பர் ஓ.கே. ஆலனைக் கவர்னராக ஜெயிக்க வைத்துவிட்டார். ஆலன் ரொம்ப நல்லவர். ஜன்னல் வழியாக மேஜைமேல் ஒரு மர இலை வந்து விழுந்தால் அதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று லாங்கின் தம்பி ஏர்ல் கிண்டலடிப்பாராம். இன்னொரு மாநிலக் கடமையும் ஹ்யூயிக்கு இருந்தது, பல்கலைக்கழகக் கால்பந்து அணி. 1934இல் ஒரு முக்கிய ஆட்டத்தன்று பேட்டன் ரூஜ் நகரில் சர்க்கஸ் வருவதாக இருந்தது. ஆட்டத்துக்கு டிக்கெட் விற்காமல் போய்விடுமே! கால்நடைக்கு உண்ணி மருந்துத் தொட்டியில் முக்குக் குளியல் போடும் பழைய சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்தார். மாடு மட்டுமா கால்நடை? புலிக்கும் நாலு கால்தான். யானையையும் புலியையும் தொட்டியில் முக்கி எடுத்துவிட்டு ஊருக்குள் வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். சர்க்கஸ் தேதி மாறியது.

வாஷிங்டனில் ரூஸ்வெல்ட்டை முதலில் ஆதரித்தார், பிறகு முறைத்துக்கொண்டார். 1934இல் செல்வத்தைப் பகிர்வோம் இயக்கம்: கோடீஸ்வரன் சொத்துக்கு வரம்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 டாலர். ஊரெங்கும் சங்கங்கள் முளைத்தன. நாட்டின் மிக ஆபத்தான இரண்டு பேரில் ஒருவர் என்று ரூஸ்வெல்ட் இவரைத் தனிமையில் சொன்னார். 1935 ஜூனில் செனட்டில் ஒரு மசோதாவை மறிக்க 15 மணி 30 நிமிஷம் நின்றபடியே பேசினார். விஷயம் தீர்ந்ததும் வறுத்த சிப்பிக்கும் கீரைச் சாற்றுக்கும் செய்முறை சொன்னார். கடைசியில் அவரை வென்றது எதிர்க்கட்சி இல்லை, மூத்திரப்பை. அடுத்த தேர்தலில் ஜனாதிபதி ஆவதாகத் தீர்மானித்து, வெள்ளை மாளிகையில் தன் முதல் நாட்களைப் பற்றி முன்கூட்டியே புத்தகமும் எழுதிவிட்டார். அதில் ரூஸ்வெல்ட்டுக்குக் கப்பற்படை மந்திரி வேலை போட்டுக் கொடுத்திருந்தார்.

சிரித்தது போதும். இதே காலத்தில்தான் லூசியானாவில் சட்டமன்றம் ரப்பர் முத்திரையாகிவிட்டது. செனட்டரான லாங் சபைக்குள் உலாவுவார், மசோதாக்கள் கட்டுக்கட்டாக நிறைவேறும், பாதிக்குமேல் யாரும் படித்திருக்கமாட்டார்கள். தன்னை எதிர்த்த பெரிய பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்கு மட்டும் வரி போட்டார். அவர் இறந்தபின் 1936இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரோடும் புத்தகமும் கறுப்பின மக்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவர்களுக்கு ஓட்டு மறுத்த அமைப்பில் இந்தச் சூரர் விரலை வைக்கவில்லை.

1935 செப்டம்பர் 8. தன் எதிரியான ஒரு நீதிபதியின் தொகுதியையே வெட்டி மாற்றும் மசோதாவுக்காக வந்திருந்தார். இடம், அவரே கட்டிய 34 மாடிச் சட்டமன்றம். 450 அடி, அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் இன்றும் உயரமானது. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் பளிங்கு நடையில் அந்த நீதிபதியின் மருமகன், கார்ல் வைஸ் என்னும் இளம் மருத்துவர், எதிரே வந்தார். ஒரு வேட்டு. மெய்க்காவலர்கள் வைஸைச் சல்லடையாக்கினார்கள். லாங்கைக் கொன்றது வைஸின் குண்டா, காவலர்களின் குண்டா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய பெரிய அறுவை நிபுணர்களின் கார் வழியில் விபத்தாகித் தாமதமானது. அறுவை செய்தவர் ஆர்தர் விட்ரின், பெரிய அரசு மருத்துவமனைக்கு லாங்கே தலைவராக்கிய இளைஞர். குடலைத் தைத்தார், சிறுநீரகத்தில் கசிந்த ரத்தத்தைக் கவனிக்கவில்லை. செப்டம்பர் 10 விடியலில் லாங் போய்ச் சேர்ந்தார். வயது 42. பிடித்தப் பெட்டி எங்கே என்று நண்பர் கேட்டதற்கு அப்புறம் சொல்கிறேன் என்றாராம். பெட்டி கிடைக்கவேயில்லை.

நான் இல்லாவிட்டால் என் ஆட்கள் ஜெயிலுக்குத்தான் போவார்கள் என்று ஹ்யூயி சொல்லியிருந்தார். ஒழுங்காகப் போனார்கள். நாலே வருஷத்தில் கவர்னர் ரிச்சர்டு லெச்சியும் பல்கலைக்கழகத் தலைவரும் மாட்டினார்கள். தம்பி ஏர்ல் மூன்று முறை கவர்னரானார். 1959இல் குடும்பத்தாரே அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அது மாநில அரசு மருத்துவமனை. உள்ளே இருந்தபடியே மருத்துவமனைத் துறைத் தலைவரை வேலையைவிட்டு நீக்கினார். புதிதாக வந்தவர்கள் கவர்னருக்கு ஒன்றுமில்லை என்றார்கள், வெளியே வந்துவிட்டார். அந்த வீட்டில் சாவிக்கொத்து அப்படி அண்ணன் தம்பி இருவர் இடுப்பிலும் தொங்கியது.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான் என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஹ்யூயி லாங் புறங்கையை நக்கியவரில்லை. ஊருக்கெல்லாம் தேனை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கூட்டையே வீட்டுக்குத் தூக்கிப் போனவர். நாக்கில் இனிப்பு இருந்தவரை யாரும் கூடு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டவர்களின் மைத்துனனுக்கு வேலை போயிற்று.

அவரைப் புதைத்தது அதே சட்டமன்றத்தின் முன்புறத் தோட்டத்தில். மேலே வெண்கலச் சிலை. ஊரைப் பார்த்து நிற்கவில்லை, தான் கட்டிய கட்டடத்தைப் பார்த்து நிற்கிறது. ஒரு கை, பளிங்கில் செதுக்கிய குட்டிச் சட்டமன்றத்தின்மேல் இருக்கிறது. செத்தும் கையை எடுக்கவில்லை.